துறந்த சொத்து யார் பேருக்குப் போனது?

தமக்கிருந்ததையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் துறவறம் போனார் என்ற வரி, புனிதர் சரித்திரப் புத்தகங்களில் பாதிப் பேருக்கு வந்துவிடும். கோயிலில் வாசிக்கக் கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். எனக்கு மட்டும் வேறு யோசனை ஓடும். விற்றார் என்றால் யாருக்கு விற்றார்? சொத்து அவர் பேரில் இருந்ததா, அப்பா பேரில் இருந்ததா? கூடப்பிறந்தவர்கள் சும்மா விட்டார்களா? தூத்துக்குடியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதியே தலை நரைத்தவன் நான். தொழில் புத்தி ஜெபப் புத்தகத்திலும் விடுவதில்லை.

மடத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனால், 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு. அந்த மகள் கன்னியாஸ்திரியாகி நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கும் நேரம் வந்தால், உன் சொத்துக்கு ஓர் ஏற்பாடு செய், உயில் எழுது என்று திருச்சபைச் சட்டமும் சொல்கிறது. அண்ணன் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வருவார். பிள்ளை நான்கெல்லையைக்கூட வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். பங்கு அண்ணன் பேருக்குப் போகும். ஏழைகளுக்கு எழுதி வைத்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அது குற்றமும் அல்ல. அண்ணனும் பெரும்பாலும் கடன்காரர்தான். இருந்தாலும் இதையெல்லாம் பார்த்துப் பழகிய கண்ணோடு பழைய புனிதர்களை வாசித்தால், பிரசங்கத்தில் வராத சங்கதிகள் கண்ணில் படுகின்றன.

வனத்து அந்தோணியாரை எடுத்துக்கொள்வோம். பதுவைக்காரர் அல்ல, எகிப்து தேசத்துத் தபசி. கிறிஸ்து பிறந்து 250 வருஷம் ஆனபோது வசதியான குடியானவர் வீட்டில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் இறந்தபோது அவருக்கு வயது பதினெட்டோ இருபதோ. கையில் ஒரு சின்னத் தங்கச்சி. நிலம் மட்டும் அந்த ஊர் அளவையில் 300 அரூரா. நம் கணக்கில் சுமார் 200 ஏக்கர், நல்ல விளைச்சல் பூமி. அதை அவர் விற்கவில்லை, ஊர்க்காரர்களுக்கே கொடுத்துவிட்டார். இனிமேல் தனக்கோ தங்கச்சிக்கோ அதனால் தொந்தரவு வேண்டாம் என்று கொடுத்ததாக, அவர் சரித்திரத்தை எழுதிய ஆயர் அத்தனாசியார் சொல்கிறார். ரோமை ஆட்சியில் எகிப்தின் நிலவரி எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் ‘தொந்தரவு’ என்னவென்று சொல்லத் தேவையில்லை. தட்டுமுட்டுச் சாமான்களை விற்ற பணம்தான் ஏழைகளுக்குப் போனது. தங்கச்சிக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்தவர், பிறகு அதையும் கொடுத்துவிட்டு அவளைக் கன்னிப்பெண்கள் சிலர் பொறுப்பில் விட்டார். அவள் பங்கைக் கொடுக்க அவளைக் கேட்டாரா என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் மைனர் பங்கைக் கைமாற்ற நீதிமன்ற அனுமதி இல்லாமல் நான் பத்திரம் எழுத முடியாது.

அந்தோணியாருக்காவது ஊர் ஏற்றுக்கொண்டது. ரோமாபுரி மெலானியாவுக்கு வந்தது வேறு வகைச் சிக்கல்: வாங்க ஆளில்லாத அளவு சொத்து. 383 வாக்கில் செனட்டர் குடும்பத்தில் பிறந்தவர். பதினாலு வயதில் பினியானுஸ் என்ற பதினேழு வயதுப் பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் போயின. இனித் துறவுதான் என்று இருவரும் முடிவெடுத்தபோது இத்தாலி, சிசிலி, ஸ்பெயின், ஆப்பிரிக்கா, பிரிட்டன் என்று நிலம் பரந்து கிடந்தது. தம்பதியில் ஒருவருடைய வருமானம் மட்டுமே வருஷத்துக்கு 1,20,000 பொற்காசு என்று அவருடைய சரித்திரத்தில் எழுதியிருக்கிறது.

விற்கிறேன் என்று அவர்கள் சொன்னதும், குடும்பச் சொத்தை வெளியே போகவிடுவதா என்று உறவினர்கள் கிளம்பினார்கள். பினியானுஸின் சகோதரர் செவேருஸ் ஆட்களை வளைத்தார். நிலத்தோடு சேர்ந்த அடிமைகளும், எங்களை வெளியாருக்கு விற்காதீர்கள், விற்றே ஆகவேண்டுமென்றால் செவேருஸுக்கே விற்றுவிடுங்கள் என்று எதிர்த்து நின்றார்கள். கடைசியில் மெலானியா பேரரசர் ஹொனோரியுஸின் மாமியார் செரேனாவைப் பார்த்து முறையிட்டார். அரண்மனையிலிருந்து ஆணை பிறந்தது: அந்தந்த மாகாண அதிகாரிகளே நிலத்தை விற்றுப் பணத்தைச் சேர்ப்பிக்க வேண்டும். சொந்தச் சொத்தைத் தானம் செய்யப் பேரரசரின் உத்தரவு வாங்கியவர், நான் வாசித்தவரையில், இவர் ஒருவர்தான்.

அப்படியும் ரோமாபுரி மாளிகைக்குக் கிரயம் கொடுக்க யாராலும் முடியவில்லை. செரேனாவே தன்னால் இயலாது என்றுவிட்டார். 410-இல் கோத் இனத் தலைவன் அலாரிக்கின் படை ரோமுக்குள் புகுந்து கொளுத்தியபிறகு, எரிந்த மாளிகை அற்ப விலைக்குப் போனது. அடிமைகளில் எட்டாயிரம் பேருக்கு விடுதலை கொடுத்தார் என்று பல்லாடியுஸ் என்ற ஆயர் எழுதிவைத்திருக்கிறார். விடுதலை வேண்டாம் என்ற மற்றவர்களை ஆளுக்கு மூன்று காசு என்று சகோதரருக்கே விற்றதாகவும் அதே இடத்தில் சொல்கிறார். ஆயிரத்து அறுநூறு வருஷம் கழித்து வாசிக்கும்போது, வேண்டாம் என்றவர்கள் பக்கத்து நியாயத்தையும் யாராவது கேட்டு எழுதியிருக்கலாமே என்று தோன்றுகிறது. காணியில்லாமல் கிடைக்கும் விடுதலையை வைத்துக்கொண்டு எதைச் சாப்பிடுவது?

பணத்தோடு தம்பதியர் ஆப்பிரிக்கா போனார்கள். அங்கே ஹிப்போ நகரத்துக் கோயிலில், பினியானுஸை எங்கள் ஊருக்கே குருவாக்குங்கள் என்று சனங்கள் கூச்சல் போட்டு மறித்துவிட்டார்கள். அங்கே ஆயர் வேறு யாருமல்ல, புனித அகுஸ்தினார். எங்கள் பணத்தின்மேல்தான் உங்கள் சனங்களுக்குக் கண் என்று மெலானியாவின் தாயார் எழுதிக் கேட்டதும், அகுஸ்தினார் தன் மக்களுக்காக வாதாடிப் பதில் எழுதியதும் அவருடைய கடிதங்களில் இன்றைக்கும் இருக்கின்றன. அகுஸ்தினாரும் மற்ற ஆயர்களும் பிறகு இவர்களுக்குச் சொன்ன யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: மடங்களுக்கு ரொக்கமாகக் கொடுத்தால் சீக்கிரம் செலவழிந்துவிடும், ஒவ்வொரு மடத்துக்கும் ஒரு வீடும் நிலையான வருமானமும் எழுதி வையுங்கள். என் மேசைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிவந்ததும் இதுவேதான். அகுஸ்தினார் கட்டணம் வாங்கியிருக்க மாட்டார்.

அசிசி பிரான்சிஸைச் சொத்தைத் துறந்த பணக்காரர் என்று சொல்வது வழக்கம். சட்டப்படி பார்த்தால் அவர் பேரில் ஒரு முழத் துணிகூடக் கிடையாது. அப்பா பியத்ரோ பெர்னர்தோனே பிரான்சு வரை போய்வந்த ஜவுளி வியாபாரி. கடைத் துணியையும் குதிரையையும் ஃபோலிஞ்ஞோ சந்தையில் விற்ற மகன், அந்தப் பணத்தை இடிந்து கிடந்த சான் தமியானோ கோயிலைக் கட்டக் கொண்டுபோனார். அப்பா முதலில் நகரத்து அதிகாரிகளிடம்தான் புகார் கொடுத்தார். நான் கடவுளின் ஊழியன், உங்கள் அதிகாரத்துக்குள் வரமாட்டேன் என்று மகன் மறுத்ததால் வழக்கு ஆயரிடம் போனது. 1206 வாக்கில் நடந்த அந்த விசாரணையில்தான் அவர் பணத்தோடு உடுத்தியிருந்த உடையையும் கழற்றி அப்பாவிடம் கொடுத்தார். ஓவியங்களில் நாம் பார்க்கிற காட்சி அதுதான். பத்திர மொழியில் சொன்னால், அங்கே நடந்தது பொருளைத் திருப்பித் தந்ததும் வருங்கால வாரிசு உரிமையை விட்டுக்கொடுத்ததும். அதனால் ஏழைகளுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. எல்லாம் பெர்னர்தோனேயின் கடைக்கே திரும்பியது. பிறகு அவரோடு சேர்ந்த பெர்னார்து என்ற அசிசிப் பணக்காரர்தான் தன் சொத்தை உண்மையாகவே விற்று ஊர்ச் சதுக்கத்தில் வைத்துப் பங்கிட்டவர்.

பிரான்சிஸைப் பின்பற்றித் துறவு போன அதே ஊர்க் கிளாராவின் கதை இதற்கு நேர்மாறு. இவர்கள் வீடு வியாபாரி வீடு அல்ல, வீரர்கள் பரம்பரை, பிரபு வம்சம். கிளாரா சிறு பிள்ளையாக இருந்தபோது அசிசியின் சாதாரண ஜனங்களும் வியாபாரிகளும் பிரபுக்களுக்கு எதிராக எழும்பி அவர்களுடைய கோட்டை வீடுகளை இடித்தார்கள். கிளாராவின் குடும்பம் பெருஜியாவுக்கு ஓடிப்போய் அடைக்கலம் புகுந்தது. 1202-இல் அசிசிக்கும் பெருஜியாவுக்கும் நடந்த சண்டையில் அசிசிக்காகப் போரிட்டுப் பிடிபட்டவர்களில் பிரான்சிஸும் ஒருவர். ஒருவர் வீட்டார் இன்னொருவர் வகுப்புக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியிருக்க, அந்த வீட்டுப் பெண் 1212 குருத்து ஞாயிறு இரவில் இவரைத் தேடி வந்தார் என்று சேர்த்து வாசித்தால்தான் அந்த ராத்திரியின் துணிச்சல் புரியும்.

அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாகச் சொத்து இருந்தது. கிளாரா 1253-இல் இறந்த சில மாதங்களில் புனிதர் பட்டத்துக்கான விசாரணை நடந்து, கூட வாழ்ந்த சகோதரிகள் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்கள். கிளாரா தன் பங்கை விற்றபோது உறவினர்களே வாங்க வந்தார்கள், மற்ற எல்லாரையும்விட அதிக விலை தருவதாகவும் சொன்னார்கள், அவர் அவர்களுக்கு விற்காமல் வெளியாருக்கு விற்றார், ஏழைகள் ஏமாறக்கூடாது என்பதற்காக என்று ஒரு சகோதரி சொல்லியிருக்கிறார். அதிக விலையை வேண்டாம் என்பதால் ஏழைக்கு என்ன லாபம் என்று பிரசங்கியார்கள் குழம்புவார்கள். பத்திர எழுத்தருக்குக் குழப்பம் இல்லை. உறவுக்குள் பேசுகிற விலை ஒன்று, கைக்கு வருகிற பணம் வேறு. அட்வான்ஸ் கொடுப்பார்கள், அறுவடைக்குப் பிறகு மீதி என்பார்கள், அடுத்த பொங்கலுக்கு உனக்கு எதற்கம்மா காசு, நீதான் மடத்தில் இருக்கிறாயே என்பார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இது தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆவிலா தெரசாளின் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். 1515-இல் ஸ்பெயினில் பிறந்தவர், கார்மேல் சபையைச் சீர்திருத்தியவர், 1970-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டம் பெற்ற முதல் பெண். பழங்காலத்திலிருந்தே கலப்பில்லாத உயர்குடி என்றுதான் அவர் வீட்டைப் பற்றி நூற்றாண்டுக்கணக்காக எழுதிவந்தார்கள். 1946-இல் நார்சிஸோ அலோன்ஸோ கோர்த்தெஸ் என்ற ஆய்வாளர், வல்யதோலித் நகர நீதிமன்ற ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பழைய வழக்குக் கட்டை வெளியிட்டார். தெரசாளின் அப்பாவும் சித்தப்பாக்களும் 1519-இல் தொடங்கிய வழக்கு அது. நாங்கள் உயர்குடி, வரி கட்டத் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். அதற்கு வந்த சாட்சியங்களில் விஷயம் வெளிப்பட்டுவிட்டது. தாத்தா ஹுவான் சான்செஸ் தொலேதோ நகரத்துப் பட்டுத்துணி வியாபாரி, யூதராக இருந்து கிறிஸ்தவரான வம்சம்; ரகசியமாக யூத வழக்கத்தைக் கைக்கொண்டதாக 1485-இல் விசாரணை மன்றத்தின் முன் ஒப்புக்கொண்டு, தண்டனைச் சட்டை போட்டுக் கோயில் கோயிலாக ஊர்வலம் போனவர். அதன்பிறகு ஆவிலாவில் குடியேறி, பிள்ளைகளுக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் பேசி, குடும்பத்தை மேலே ஏற்றினார். வழக்கிலும் மகன்கள் பக்கமே தீர்ப்பானது. ரத்தத்தில் கலப்பு உண்டா என்று ஊரே விசாரித்துக்கொண்டிருந்த தேசத்தில், வம்சப் பெருமை பேசுவதைத் தன் மடங்களுக்குள் தெரசாள் ஏன் அவ்வளவு கடுமையாகத் தடுத்தார் என்பதற்கு இந்தக் கட்டு பாதி பதில் சொல்லிவிடுகிறது.

அவர் முதலில் இருந்த மடத்தில் பணக்கார வீட்டுப் பெண்களுக்குத் தனி அறைகள், பணிப்பெண்கள். வரதட்சணை கொண்டுவராதவர்களுக்குப் பொதுப் படுக்கைக்கூடம். பதிமூன்று பேருக்கு ஒரு சின்ன ஏழை மடம் வேண்டும் என்று அவர் திட்டமிட்டபோது ஊர் எதிர்த்தது, சொந்த மடமும் எதிர்த்தது. அதனால் தங்கை ஹுவானாவும் அவள் கணவரும் தாங்கள் குடியிருப்பதற்கு வாங்குவதுபோல் ஆவிலாவில் ஒரு வீட்டை வாங்கினார்கள். தென் அமெரிக்காவில் சம்பாதித்துக்கொண்டிருந்த சகோதரர் லொரென்ஸோ அனுப்பிய பணமும் அதற்கு உதவியது. 1562 ஆகஸ்டில் அந்த வீட்டில் மணி அடித்தபோதுதான் அது மடம் என்று ஊருக்குத் தெரிந்தது. சுருக்கமாகச் சொன்னால், சீர்திருத்தக் கார்மேல் சபையின் முதல் வீடு பினாமிக் கிரயம். இதை எங்கள் பங்குச் சாமியாரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, ஞாயிறு பிரசங்கத்துக்கு இது வேண்டாம் என்றார்.

சரி, கொடுக்க ஒன்றுமே இல்லாதவர்கள்? லூர்து நகரத்து பெர்னதெத்தின் அப்பா மாவு ஆலையைக் கடனில் இழந்தவர். 1857-இல் குடும்பம் முழுவதும், கைதிகளுக்கே ஆகாது என்று கைவிடப்பட்ட பழைய சிறையின் ஓர் அறையில் குடியிருந்தது. அதே வருஷம் மாவு திருடியதாகச் சந்தேகத்தின் பேரில் அப்பாவைப் பிடித்து உள்ளே வைத்து, சில நாளில் விட்டார்கள். மாதா காட்சி கொடுத்த செய்தி 1858-இல் பரவியபின் வீட்டுக்குப் பணம் கொண்டுவந்தவர்களை அந்தப் பிள்ளை திருப்பி அனுப்பியது. மடத்தில் சேரும் நேரம் வந்தபோதும் வரதட்சணை கொடுக்க வழியில்லை. நெவேர் நகர ஆயர் அது வேண்டாம் என்று ஏற்பாடு செய்துதான் சேர்த்துக்கொண்டார்கள்.

புனிதர் பட்டியலில் இப்படிப்பட்டவர்கள் குறைவு என்றால் காரணம் பக்தியில் இல்லை. விசாரணை, சாட்சி, வழக்குரைஞர், ரோமில் வருஷக்கணக்காகத் தங்கியிருக்க ஆள் என்று புனிதர் பட்டத்துக்குச் செலவு உண்டு. தெரசாளோடு ஒரே நாளில், 1622 மார்ச் 12-இல், பட்டம் பெற்ற இசிதோர் மட்ரிட் பக்கத்தில் வர்காஸ் என்ற நிலக்கிழாரிடம் கூலிக்கு உழுதவர். அந்தக் கூலியாளுக்காகச் செலவழிக்க மட்ரிட் நகரமும், அவர் திருப்பண்டத்தால் நோய் தீர்ந்ததாக நம்பிய ஸ்பெயின் அரசர் மூன்றாம் பிலிப்பும் வேண்டியிருந்தது.

2000 அக்டோபர் 1-ஆம் தேதி ரோமில் பட்டம் பெற்றவர்களில் இரண்டு பெண்களை நான் எப்போதும் சேர்த்தே நினைப்பேன். ஒருவர் ஜோசபின் பக்கீத்தா. சூடானில் தார்பூர் பகுதியில் தோட்டமும் மாடும் உள்ள வசதியான குடும்பம், அப்பாவின் சகோதரர் ஊர்த்தலைவர். சிறு பிள்ளையாக வெளியே போனவரைக் கடத்தி, சந்தை சந்தையாக விற்றார்கள். ஒரு வீட்டில் உடம்பெல்லாம் கத்தியால் கீறி உப்பைத் தேய்த்தார்கள். சொந்தப் பேர்கூட மறந்துபோனது. பக்கீத்தா என்பது பிடித்தவர்கள் வைத்த பேர். 1883-இல் விலைக்கு வாங்கிய இத்தாலியத் தூதரக அதிகாரி அவரை இத்தாலிக்குக் கொண்டுவந்து இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வெனிஸ் மடத்தில் கூடத் தங்கியிருந்தபோது, எசமானி திரும்ப அழைத்துப்போக வந்தார். வரமாட்டேன் என்றார் பக்கீத்தா. எங்கள் பெண் என்றார் எசமானி. விஷயம் நீதிமன்றத்துக்குப் போய், 1889 நவம்பர் 29-இல் தீர்ப்பு வந்தது: இத்தாலியச் சட்டத்தில் அடிமைத்தனம் என்று ஒன்றே கிடையாது, ஆகவே இவர் யாருடைய சொத்தும் அல்ல. ஐம்பது வருஷம் கனோசா சபை மடத்தில் சமையலும் தையலும் வாசல் காவலுமாக இருந்து 1947-இல் இறந்தார்.

இன்னொருவர் கேதரின் டிரெக்ஸல், பிலடெல்பியாவின் பெரிய வங்கிக் குடும்பத்துப் பெண். 1885-இல் இறந்த அப்பா விட்டுப்போனது ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல். அவர் எழுதிய உயிலை நான் பல தடவை மனசுக்குள் வாசித்துப் பார்த்திருக்கிறேன். பத்தில் ஒரு பங்கு உடனே தர்ம ஸ்தாபனங்களுக்கு, மீதி அறக்கட்டளையில். மூன்று மகள்களுக்கும் வருமானம் மட்டும், அதுவும் ஆயுள் பாத்தியம். முதல் தொகையில் யாரும் கை வைக்க முடியாது. பணத்துக்காகக் கட்ட வருகிற மாப்பிள்ளைகளைத் தடுக்க அப்படி எழுதினார் என்பார்கள். ஒரு மகள் இறந்தால் அவள் பங்கு மற்றவர்களுக்கு. பிள்ளை இல்லாமல் மூவரும் போனால் முதல் முழுவதும் உயிலில் பேர் சொன்ன அதே ஸ்தாபனங்களுக்கு.

கேதரினோ கல்யாணமே வேண்டாம் என்றுவிட்டார். கேதரின் 1889-இல் மடத்தில் சேர்ந்து, 1891-இல் கறுப்பின மக்களுக்கும் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கும் பள்ளிகள் நடத்த ஒரு சபையைத் தொடங்கினார். சகோதரிகள் இருவரும் பிள்ளையில்லாமல் இறக்க, மொத்த வருமானமும் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த இவர் ஒருவர் கைக்கே வந்துசேர்ந்தது. வாழ்நாளில் ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் செலவழித்தார். பல வருஷமாக வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தர்மத்துக்குக் கொடுத்துவருபவருக்கு வருமான வரி விலக்கு என்று 1924-இல் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பிரிவே நுழைந்தது. இவரை மனதில் வைத்துச் செய்தது என்பதால், பிலடெல்பியா கன்னியாஸ்திரியின் பிரிவு என்றே அதற்குப் பேர். தன் பென்சில் துண்டு தேய்கிற வரை எழுதுவார் என்றும் சொல்வார்கள்.

1955 மார்ச் 3-இல், 96 வயதில், அவர் இறந்தார். அன்றோடு ஆயுள் பாத்தியம் முடிந்தது. முதல் முழுவதும் அப்பா உயிலில் பேர் குறித்த ஸ்தாபனங்களுக்குப் போனது. அவர் தொடங்கிய சபைக்கு ஒரு டாலரும் இல்லை, ஏனென்றால் உயில் எழுதும்போது அந்தச் சபை இல்லை. அப்பா இறந்து ஆறு வருஷம் கழித்து உண்டானதை எந்த எழுத்தர்தான் முன்கூட்டி எழுதியிருக்க முடியும்? நான் எழுதியிருந்தால், மகள்கள் பிற்காலத்தில் நிறுவும் அறநிலையங்கள் உட்பட என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருப்பேன். அந்த வரி இல்லாததால் அறுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளையும் நியூ ஆர்லியன்ஸில் ஒரு பல்கலைக்கழகத்தையும் வைத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து அந்தச் சகோதரிகள் நன்கொடை கேட்க வெளியே இறங்க வேண்டியிருந்தது.